அமாவாசையில் ஓட்டிப் பார்த்த லேத்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
22 ஜூன் 2025

ஜெபகுமார் அண்ணனுக்கு நதியா எழுதுவது.

நானாக எழுதவில்லை. அம்மா உட்காரவைத்து எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். போன மாதம் நாம் போனில் போட்ட சண்டையைக் கேட்டு எதிர்வீட்டார் எழுந்து வந்ததிலிருந்து அம்மாவுக்கு மானம் போய்விட்டது. "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசவே கூடாது. எதுவா இருந்தாலும் எழுதிக்கினு தபால்ல போடுங்க. கை வலிச்சாவது நிறுத்துவீங்க" என்று உத்தரவு. உனக்கும் இதே உத்தரவு வந்திருக்கும்.

சண்டையைப் பற்றி எழுதப் போவதில்லை. நீ சொல்லி வாங்கிக்கொடுத்த ஒரகடம் கம்பெனி வேலையை உன்னிடம் சொல்லாமல் விட்டேன். விட்டது விட்டதுதான். "மூணு மாசத்துல அதே கம்பெனி கேட்டு வாசல்ல போய் நிப்ப" என்று நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

ஏனாத்தூர் பக்கம் ஒரு காலேஜில் பழைய ஒர்க்‌ஷாப்பை ஏலம் விட்டார்கள். அதில் ஒரு நாலரை அடி கடைசல் லேத்தை எடுத்தேன். பெயிண்ட்தான் போயிருக்கிறது, படுக்கையில் தேய்மானம் அதிகமில்லை. பிள்ளையார்பாளையத்தில் கமலாட்சி அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் இறக்கியாயிற்று. அக்காவும் அவர் வீட்டுக்காரர் நமச்சிவாயமும் பட்டு நெய்கிறவர்கள். தறிக்கு வேண்டிய உருளை, புஷ், நூல் சுற்றும் கதிர் எல்லாம் கடைந்து கொடுத்தால் அந்தத் தெருவிலேயே எனக்கு வேலை இருக்கிறது. அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான். "தை வரைக்கும் இரும்மா, பாக்கலாம். என் தறிக்குத் தொந்தரவுன்னு வந்துதுன்னா அன்னிக்கே கிளம்பிடணும்." கிளம்பச் சொன்னால் இந்த எடையைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு வேறு இடமில்லை. நீ சொன்ன கேட்டு வாசல்தான்.

கேள்வி இது. மோட்டார் த்ரீ ஃபேஸ், ரெண்டு ஹெச்.பி. ஷெட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். ஏலத்தில் பார்த்த ஒருவர் சர்வோ மோட்டார் போடு என்கிறார். மோட்டார் கடைக்காரர் சிங்கிள் ஃபேஸ் மோட்டாராகவே மாற்று என்கிறார். எது சரி? பதில் மட்டும் போதும், புத்தி வேண்டாம்.

நதியா


கோயம்புத்தூர்
29 ஜூன் 2025

நதியாவுக்கு,

புத்தி சொல்லவில்லை. மில் மில்லாகப் போய் மெஷின் பழுது பார்க்கிறவனிடம் கேட்டிருக்கிறாய், அதற்கு மட்டும் பதில்.

கடைக்காரர் சொன்னதை மறந்துவிடு. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒரே வேகத்தில்தான் ஓடும். ஒவ்வொரு வேலைக்கும் பெல்ட்டை மாற்றியே உன் பொழுது போய்விடும். சர்வோ நல்ல சாமான்தான். மெதுவாகச் சுற்றும்போதும் பலம் குறையாது. ஆனால் அதைப் பொருத்தத் தனியாகத் தட்டு, புல்லி என்று செய்ய வேண்டும், நாளைக்குப் பழுதானால் காஞ்சிபுரத்தில் யாரிடம் கொண்டுபோவாய்? நீ கடையப்போவது பித்தளையும் நைலானும். அதற்கு சர்வோ வேண்டியதில்லை.

பழைய மோட்டாரே இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு டிரைவ் வை. சிங்கிள் ஃபேஸ் உள்ளே போகும், த்ரீ ஃபேஸ் வெளியே வரும், வேகத்தை ஒரு குமிழைத் திருப்பி ஏற்றி இறக்கலாம். ரொம்ப மெதுவாக ஓட்டினால் மோட்டார் சோர்ந்துபோகும். அதனால் லேத்தின் பல்சக்கரத்தைக் கழற்றி வீசிவிடாதே. அவசரக்காரி என்பதால் சொல்கிறேன், இது புத்தி இல்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. உன் மோட்டார் 415 வோல்ட்டுக்குக் கட்டியது. இந்த டிரைவ் கொடுப்பது 230தான். அரை வயிற்றுச் சோறு. உள்ளே சுருள்களை வேறு விதமாக இணைத்தால் அதே மோட்டார் 230-லேயே முழு பலத்துடன் ஓடும். அதற்கு ஆறு முனை வெளியே வர வேண்டும். மோட்டார் மேல் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்து எத்தனை வயர் என்று பார்த்து எழுது.

மெயின் ஷாஃப்டைக் கையால் சுற்றினால் சத்தம் எப்படி இருக்கிறது? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஜெபா


செவிலிமேடு
6 ஜூலை 2025

அண்ணாவுக்கு,

மூன்று வயர்தான். பெட்டியைத் திறந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டேஷன் பக்கம் மோட்டார் சுருள் கட்டும் தாவீது அண்ணனிடம் கொண்டுபோனேன். மொத்தமாகப் பிரித்துப் புதிதாகக் கட்டிவிடலாம் என்றார். வேண்டாம், மற்ற மூன்று முனையும் உள்ளே எங்கேயோ ஒன்றாக முடிந்திருக்கும், அதைத் தேடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வார்னிஷ் இறுகிக் கிடந்தது. சூடு காட்டி, சுரண்டி, சாயந்திரம் ஆவதற்குள் முடிச்சைக் கண்டுபிடித்துவிட்டோம். இப்போது ஆறு முனையும் வெளியே வந்து, எழுத்துப் போட்ட குழாய் மாட்டி உட்கார்ந்திருக்கின்றன. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு ஒரகடத்தில் இருந்திருந்தால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஷாஃப்ட் சத்தம் போடவில்லை. எண்ணெய் ஊற்றியதும் பூனை மாதிரி இருக்கிறது.

கமலாட்சி அக்காவுக்கு ஒரு சந்தேகம், எனக்கும்தான். தறியில் இருந்தபடியே கேட்டார். "உள்ள போறது ஒரு கரண்டுன்ற, வெளிய வர்றது மூணுன்ற. ஒண்ணு எப்படிம்மா மூணாவும்?" நமச்சிவாயம் அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அவங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டு எழுதச் சொல்லு" என்றார். ஆக, இது அவர்கள் கேட்பது.

நதியா


கோயம்புத்தூர்
13 ஜூலை 2025

நதியாவுக்கு,

முடிச்சைத் தேடி எடுத்தது நல்ல வேலை. நானாக இருந்தால் தாவீது அண்ணன் பேச்சைக் கேட்டிருப்பேன். இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும்.

அக்காவிடம் சொல். டிரைவ் உள்ளே வரும் கரண்டை முதலில் நேராக்கி ஒரு தொட்டியில் சேர்த்துவைக்கும். பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டி, மூன்று வழியில் முறை வைத்து அனுப்பும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் வெட்டு. வெட்டும் விதத்தை மாற்றினால் மோட்டாரின் வேகம் மாறும்.

உனக்கு டிரைவ் வாங்க வேண்டாம், கூரியரில் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஒரு மில்லில் கழித்த மெஷினில் இருந்து எடுத்தது, ஓட்டிப் பார்த்துவிட்டேன். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே, இங்கே சும்மா கிடந்தது.

லேத் பக்கத்தில் வைக்காதே. பித்தளைத் தூள் உள்ளே போனால் போச்சு. ஷெட் வாசல் பக்கம் சுவரில் மாட்டி, அங்கிருந்து மோட்டாருக்கு நீளமாக வயர் இழுத்துக்கொள். எர்த் மறந்துவிடாதே. நன்றாக ஓட்டிப் பார்த்த பிறகு வேலையை ஒத்துக்கொள்.

ஜெபா


செவிலிமேடு
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

"அன்புள்ள" போட்டதைப் பார்த்துவிட்டுப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இன்றைக்கு மனம் நன்றாக இருக்கிறது.

லேத் ஓடுகிறது. நீ சொன்னபடியே டிரைவை வாசல் சுவரில் மாட்டினேன், வயரைச் சுவரோரமாகவே கொண்டுபோனேன். எர்த்துக்கு அலையவே இல்லை. அக்கா வீட்டுத் தறிக்குப் போட்ட எர்த் கம்பி ஷெட் வாசலிலேயே இருக்கிறது, அதிலேயே சேர்த்துவிட்டேன்.

நன்றாக ஓட்டிப் பார் என்றாயே, அதற்கு ஆடி அமாவாசையைத் தேர்ந்தெடுத்தேன். அமாவாசை என்றால் இந்தத் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். புது மெஷின், என்ன சத்தம் போடுமோ, எதற்கு அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று அன்றைக்கு வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஓட்டினேன். மெதுவாக, வேகமாக, திருப்பி, நிறுத்தி, எல்லா விதத்திலும். ஒரு குறையும் இல்லை. அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வந்து எட்டிப் பார்த்தார். குமிழைத் திருப்பச் சொன்னேன். வேகம் ஏற ஏறச் சிரித்துக்கொண்டே நின்றார். மறுநாளிலிருந்து வேலை எடுக்கிறேன். தெருவில் மூன்று வீட்டுக்கு உருளை கடைந்து கொடுத்தாயிற்று.

அக்கா வீட்டில்தான் கொஞ்சம் சங்கடம். ஐப்பசியில் கல்யாணத்துக்கென்று ஒரு புடவை தறியில் இருக்கிறது, முந்தி முழுக்க அன்னப்பட்சி. போன வருடம் நமச்சிவாயம் அண்ணன் டிசைனுக்குத் துளை அட்டை போட்ட பழைய ஜக்கார்டை எடுத்துவிட்டு, பென்டிரைவில் டிசைன் ஏற்றும் எலக்ட்ரானிக் பெட்டியைத் தறிமேல் வைத்தார். அது இப்போது திடீரென்று கோளாறு செய்கிறது. சில அன்னத்துக்குக் கழுத்து குட்டையாகிப்போகிறது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "இது அன்னமாம்மா? வாத்து" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பாவம், ஜரிகையை இழை இழையாகப் பிரித்துத் திரும்ப நெய்கிறார். பெட்டி வாங்கச் சொன்னது அண்ணன் என்பதால் அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் கண் திருஷ்டி என்று வாசலில் பூசணிக்காய் கட்டியிருக்கிறார்.

நம் வீட்டு வழக்கம் அங்கேயும் தொற்றிக்கொண்டது போல.

நதியா


கோயம்புத்தூர்
9 ஆகஸ்ட் 2025

நதியா,

இந்தக் கடிதம் கிடைத்ததும் லேத்தை நிறுத்து. அப்புறம் மேலே படி.

வாத்து எப்போது வருகிறது? நீ லேத் ஓட்டும் நேரத்திலா, ஓட்டாத நேரத்திலா? நீ சரக்கு வாங்க வெளியே போன நாளில் நெய்த அன்னம் எப்படி இருக்கிறது? போய்ப் பார்.

ஏன் கேட்கிறேன் என்றால், ஈரோடு பக்கம் ஒரு மில்லில் இதே மாதிரி பார்த்திருக்கிறேன். நூல் எவ்வளவு நீளம் ஓடியது என்று எண்ணும் மீட்டர் பக்கத்து மெஷினை ஓட்டினால் மட்டும் பொய் சொல்லும். டிரைவ் கரண்டை வெட்டி வெட்டி அனுப்புகிறது என்று எழுதினேன் இல்லையா, அந்த வெட்டின் இரைச்சல் வயரோடு போகும், எர்த்தோடும் போகும். நமக்குக் காதில் கேட்காது. அக்கா வீட்டுப் பெட்டிக்குக் கேட்கும். அக்கா மிதிப்பது ஒரு தடவை, பெட்டி எண்ணிக்கொள்வது இரண்டு. டிசைனில் ஒரு வரி தாண்டிப் போய்விடும். கழுத்தில் நாலு வரி தாண்டினால் அன்னம் என்னவாகும்?

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். தப்பாக இருந்தால் நல்லதுதான்.

ஜெபா


செவிலிமேடு
16 ஆகஸ்ட் 2025

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அதைக் கிழித்துப்போட இருந்தேன். அமாவாசையன்று நாள் முழுக்க ஓட்டினேனே, ஒரு குறையும் இல்லை என்று எழுதினேனே. வாத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு? நான் எப்படியும் ஒரகடத்துக்குத் திரும்பப் போக வேண்டும், அதற்கு ஒரு காரணம் தேடுகிறாய் என்றுதான் தோன்றியது. அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அம்மா தட்டில் சோற்றைப் போட்டார்.

இதுவரை வெள்ளிக்கிழமை எழுதியது. இனிமேல் எழுதுவது இன்றைக்கு.

வெள்ளி முழுக்க லேத் பக்கம் போகவில்லை. அன்றைக்கு அக்கா நெய்ததைச் சாயந்திரம் போய்ப் பார்த்தேன். எல்லா அன்னத்துக்கும் கழுத்து நீளமாக, சரியாக இருந்தது. அக்கா முகத்தில் அவ்வளவு நிம்மதி. "பூசணிக்கா வேலை செய்யுதும்மா" என்றார். நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமாவாசையன்று தறியே ஓடவில்லை. பெட்டி அணைந்து கிடந்தது. கெடுக்க எதுவுமே இல்லாத நாளாகப் பார்த்து, எதையும் கெடுக்கவில்லை என்று நான் முடிவு கட்டியிருக்கிறேன். தெருவுக்குத் தொந்தரவு கூடாது என்று நினைத்துத்தான் அந்த நாளை எடுத்தேன், அதுதான் என்னை முட்டாளாக்கியது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். பழி பெட்டிமேல் இருக்கிறது, நமச்சிவாயம் அண்ணன்மேல் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் அக்காவின் விரல் நுனியைப் பார்த்தேன் அண்ணா, இழை பிரித்துப் பிரித்துச் சிவந்துபோயிருக்கிறது. காலையில் போய்ச் சொல்லிவிட்டேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்து, "நெசமாவா? போய்ப் போடு, பாக்கலாம்" என்றார். கோபத்தைவிட, அது உண்மைதானா என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அவர் குரலில் முதலில் வந்தது. தறியில் புடவையைத் தொடாமல், மிதியை மட்டும் மிதித்தார். நமச்சிவாயம் அண்ணன் பெட்டியில் வரும் வரி எண்ணைச் சத்தமாகப் படித்தார். நான் ஷெட்டில் நின்று லேத்தைப் போட்டேன், நிறுத்தினேன். நிறுத்தினால் வரிசையாக வருகிறது. ஓட்டினால் அங்கங்கே ஒரு எண் தாவுகிறது. மெதுவாக ஓட்டும்போது தாவல் அதிகம். மூன்று பேரும் சாப்பாட்டை மறந்துவிட்டோம்.

கடைசியில் அக்கா தறியைவிட்டு எழுந்தார். முதலில் அண்ணனைப் பார்த்து, "பொட்டி மேல தப்பில்ல. ஒன்ன பேசினது தப்பு" என்றார். அவ்வளவு நாள் கழித்துப் பேசிய முதல் வார்த்தை. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீயா வந்து சொன்ன, அதனால இன்னிக்கே போன்னு சொல்லல. சரி பண்ணு. தறி ஓடும்போது அதையும் ஓட்டிக் காட்டு. அப்பவும் ஒரு வாத்து வந்துதுன்னா, நீயும் வாணாம், உன் மிஷினும் வாணாம்மா."

எப்படிச் சரி செய்வது? எனக்குப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் எழுது.

நதியா


கோயம்புத்தூர்
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நதியா,

சரி செய்யலாம், பயப்படாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிரைவைத் தூரமாக வை, வயரை நீளமாக இழு என்றது நான். தூளை நினைத்தேன், பக்கத்தில் தறி இருப்பதை நினைக்கவில்லை. மில்லில் இதையே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், தங்கைக்கு எழுதும்போது பக்கத்துத் தறியில் எலக்ட்ரானிக் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கவில்லை.

கூரியரில் அந்த இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஃபில்டரும் உலோகவலை சுற்றிய வயரும் வரும். டிரைவை லேத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து, தூள் புகாத இரும்புப் பெட்டிக்குள் வை. காற்று போக வழி விட்டு, அதில் தூள் நுழையாமல் பஞ்சு வை. மோட்டாருக்குப் போகும் வயர் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டை. வலையின் இரண்டு முனையையும் இரும்போடு இறுக்கிக் கட்டு. ஃபில்டர் டிரைவுக்கு முன்னால். முக்கியமாக, தறியின் எர்த்தைத் தொடாதே. உனக்கென்று தனியாக ஒரு எர்த் குழி வெட்டிக்கொள்.

இன்னொன்று. நானே ஒரு தடவை வந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். காலண்டரைப் பார்த்தேன். செப்டம்பர் 21 ஞாயிறு, மகாளய அமாவாசை. எனக்கும் லீவு, தெருவிலும் தறி நிற்கும். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் லேத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவோடு சாப்பிட்டுவிட்டு, நீயும் நானும் ஒரு பேச்சும் பேசிக்கொள்ளாமல் சாயந்திரம் பஸ் ஏறிவிடுவேன். சண்டைக்கு இடமே இல்லை. என்ன சொல்கிறாய்?

ஜெபா


செவிலிமேடு
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். எர்த் குழியை நமச்சிவாயம் அண்ணன் வெட்டிக் கொடுத்தார். குழித்தறிக்குக் குழி வெட்டிப் பழகிய கை, ஓரமெல்லாம் நேராக நிற்கிறது. கரியும் உப்பும் போட்டு மூடினோம்.

வியாழக்கிழமைதான் பரீட்சை. அமாவாசையும் இல்லை, ஒரு விசேஷமும் இல்லை, தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம். அக்கா இந்தத் தடவை மிதியை மட்டும் மிதிக்கவில்லை. கல்யாணப் புடவையையே நெய்ய உட்கார்ந்தார். "வாத்து வர்றதுன்னா இதுலயே வரட்டும்" என்றார். மோட்டார் சோர்ந்துபோகும் என்று நீ எழுதிய மெதுவான வேகம் இருக்கிறதே, அந்த வேகத்திலேயே வைத்துப் பித்தளை கடைந்தேன். அன்னத்தின் கால், உடம்பு எல்லாம் வந்து கழுத்து தொடங்கும்போது அண்ணன் ஷெட் வாசலில் வந்து நின்றுகொண்டார். என் முகத்தைப் பார்க்கிறார், தறிப்பக்கம் காது கொடுக்கிறார். நான் லேத்தை நிறுத்தவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டார்.

கழுத்து முழுதாக வந்திருந்தது அண்ணா. அலகுவரை. நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அக்கா, "தை வரைக்கும்னு சொன்னேனே, அத உட்டுடு. இருக்குற வரைக்கும் இரு" என்றார். மூன்று நாளாக லேத்தும் தறியும் சேர்ந்தே ஓடுகின்றன, ஒரு வாத்தும் இல்லை. பூசணிக்காயை மட்டும் அண்ணன் இன்னும் அவிழ்க்கவில்லை.

நீ வருவதைப் பற்றி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம் முதலில் சொல்கிறேன். அமாவாசையன்று வராதே. தெருவும் நிற்கும், நாமும் வாயைத் திறக்காமல் இருப்போம், எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். அப்படி ஒரு தடவை பார்த்து நான் ஏமாந்தது போதும். தறி ஓடும் ஒரு நாளாகப் பார்த்து லீவு போட்டுவிட்டு வா. நாலு நாள் இரு. வேலையை ஏன் விட்டேன் என்று கேள், நான் சொல்கிறேன். சண்டை வந்தால் வரட்டும், எங்கே இடிக்கிறது என்றாவது தெரியும். பக்கத்தில் இருந்தால் சரி செய்துகொள்ளலாம்.

என்றைக்கு வருகிறாய் என்று எழுதிக்கொண்டிருக்காதே. போன் பண்ணு. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கை
நதியா